முப்பத்தேழாம் எண் வீடு

அமெரிக்கா
18-9-1960

அன்புள்ள பேச்சிக்கு,

வல்லிநாயகம் எழுதுகிறேன். மறந்துவிடவில்லையே? நீ மலேரியா ஒழிப்பில் வேலைக்குச் சேர்ந்து சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுவதாக அப்பா எழுதியிருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "காய்ச்சல் உண்டா" என்று கேட்பதும், உண்டென்றால் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பதும் உன் வேலையாமே. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்த வந்தவர்களைப் பார்த்து ஜன்னல் ஏறிக் குதித்தவன் நீ. உன்னிடம் போய் ஊசியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஹார்லன் என்ற பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன். எல்லா நாடும் தன்னை ஜனநாயகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எது எவ்வளவு ஜனநாயகம் என்று அளக்க முடியுமா? முடியும் என்கிறார் இவர். ஐந்து அளவுகள் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். எத்தனை பேர் வாக்களித்தார்கள், உண்மையான போட்டி இருந்ததா, வாக்கு ரகசியமாக இருந்ததா, தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டாரா, பதவியில் இருப்பவரை வெளிப்படையாகக் குறை சொல்ல முடிகிறதா. நாடுகளை இப்படி அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஒரு கிராமத்தின் ஒரு தெருவை வீடு வீடாக அளந்தவர் யாருமில்லை. அதை நான் செய்யப்போகிறேன்.

எங்கள் சிவனணைந்தபெருமாள் மாமாவின் ஊரான செங்கால்குளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். போன மாதம்தான் அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் நடந்திருக்கிறது. அங்கே எல்லா வீட்டுக்குள்ளும் போகக்கூடியவன் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? எனக்காகக் கேட்டு எழுதித் தருவாயா? என் எதிர்காலமே இதில்தான் இருக்கிறது.

உன் பிரியமுள்ள
வல்லி

•

மேலகரம்
9-10-1960

அன்புள்ள வல்லி,

உன் நீலக் கடிதத்தைத் தபால்காரர் எங்கள் ஊர்க் கடை வாசலில் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். நான் சுகம். என் ரத்தத்தையும் நானே குத்தி அனுப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. ஊர்க்காரர்கள் என்னை "மலேரியா அண்ணாச்சி" என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டம் எனக்குப் போதும்.

உன் பேராசிரியரின் அளவுகளைப் படித்தேன். ஒரு சந்தேகம். உன் மாமா நின்ற வார்டில் மொத்த ஓட்டு நூற்று ஐம்பத்து மூன்று. விழுந்தது நூற்று நாற்பத்தேழு. அமெரிக்காவிலேயே இப்படி விழாது என்று நினைக்கிறேன். எப்படி விழுந்தது தெரியுமா? மாமா பண்ணையிலிருந்து நாலு வண்டி வந்து கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் ஏற்றிப் போனது. இறங்கும்போது வண்டிக்காரன் ஒவ்வொருவரிடமும், "அய்யாவ மறந்துராதிய" என்று சொல்லி இறக்கினான். இதற்கு இருபதுக்கு இருபதா, இல்லை வண்டிக் கூலியைக் கழித்துக்கொள்வீர்களா?

அவ்வளவு செய்தும் மாமாவுக்கு எண்பத்து மூன்றுதான். எதிர்த்து நின்ற சைக்கிள் கடை அய்யாக்குட்டிக்கு அறுபத்து நாலு. மாமா ஜெயித்துப் பஞ்சாயத்துத் தலைவரும் ஆகிவிட்டார், ஆனாலும் மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் என்னையே வழிமறித்துக் கேட்டார். "ஏலே பேச்சிமுத்து, அறுபத்து நாலு பேரு என் வண்டியில ஏறி வந்து என் மூஞ்சியிலேயே கரியப் பூசிருக்கானுவ. எவன் எவன்னு எனக்குத் தெரியணும். நீ வீடு வீடாப் போறவன். காதுல விழுந்தா வந்து சொல்லு" என்றார். நான் காய்ச்சலை மட்டும்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழத்தெருவில் அறுபத்தொரு குடிசையும் அவர் மனையில்தான் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். அவர் வயலில்தான் அத்தனை பேருக்கும் வேலை.

அதனால் செய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. யார் பெயரையும் எழுத மாட்டேன். மருந்தடிப்பதற்காக நான் சுவர்களில் வீட்டு எண் போட்டு வைத்திருக்கிறேன். அந்த எண்ணை மட்டும் தாளில் எழுதுகிறேன், உனக்கும் கணக்குக்கு வசதி.

ஜனநாயகம் எது என்று என்னைக் கேட்டால், தோற்றவனுக்கு ஓட்டுப் போட்டவள் மறுநாள் காலையில் ஜெயித்தவன் வயலில் பயமில்லாமல் நடவுக்குப் போக முடியவேண்டும். இதை உன் பேராசிரியரிடம் சொல். ஆறாவது அளவாக வைத்துக்கொள்ளட்டும்.

உன்
பேச்சி

•

மேலகரம்
12-2-1961

அன்புள்ள வல்லி,

நீ அனுப்பிய தாள்கள் அறுபத்தொன்றையும் நிரப்பி இத்துடன் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். ஆறு வாரம் ஆனது. என் சைக்கிள் டயர் ஒன்று போனது. அதை உன் ஆராய்ச்சியில் குறிப்பிடவேண்டும்.

முதலில் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். "அய்யாவுக்குத்தான் போட்டோம், வேற யாருக்குப் போடுவோம்" என்றார்கள். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று போனபிறகுதான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். மாடத்தி என்று ஒருத்தி. உன் மாமா வயலில் நடவுக்குப் போகிறவள். புருஷன் பண்ணையில் மாடு பார்க்கிறான். போன மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, நான்தான் ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்தேன். அவள் சொன்னதை உன் தாளின் சின்னக் கட்டத்தில் எழுத முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

"பண்ணையாரு வண்டியிலதான் போனேன் அண்ணாச்சி. அவுக குடுத்த வெத்தலையத்தான் போட்டேன். ஆனா ஓட்ட அய்யாக்குட்டிக்குப் போட்டுட்டேன். எம் புருசனுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா அவன் பயந்தே செத்துருவான்" என்றாள். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "மறைப்புக்குக் கட்டிருந்த அந்தத் துணிக்கு அங்கன போனா யாருமே இல்ல அண்ணாச்சி. மாமியா இல்ல, புருசன் இல்ல, அய்யா இல்ல. நான் மட்டுந்தான் நின்னேன். அப்படி நான் ஒருநாளும் நின்னதில்ல. சரி, எனக்குப் பிடிச்சவனுக்குப் போடுதேன்னு போட்டேன்" என்றாள்.

அப்புறம்தான் பயம் வந்துவிட்டது அவளுக்கு. "இது வெளிய வராதுல்லா?" என்று மூன்று தடவை கேட்டாள். உன் பேர் எங்கேயும் வராது, நான் பொறுப்பு என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

இனிதான் முக்கியமான விஷயம். வெளியே வந்து சைக்கிளைத் திருப்பியபோது அவள் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். முப்பத்தேழு என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கிறது. மழையில் அழியக்கூடாதென்று தாரில் எழுதியவன் நான்தான். பெயரை மறைக்கிறேன் என்று அதைவிடப் பெரிய அடையாளத்தை எழுதி வைத்திருக்கிறேன், வல்லி. இந்த மடத்தனம் என்னுடையது. நீ இந்த எண்களை வேறு யாரும் பார்ப்பதற்கு முன் கலைத்து மாற்றிவிடு. மாற்றிய பின் என் தாள்களைக் கொளுத்திவிடு. மறக்காமல் பதில் எழுது, அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உன்
பேச்சி

•

அமெரிக்கா
20-3-1961

என் அருமை பேச்சி,

கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ செய்திருப்பது சாதாரண வேலை இல்லை. இங்கே படித்துப் பட்டம் வாங்கிய ஆட்களால்கூட இப்படிக் கேட்டு வாங்க முடியாது. பேராசிரியர் ஹார்லன் மாடத்தி சொன்னதை நான் மொழிபெயர்த்துக் கொடுத்ததும் வகுப்பில் வாசித்தார். புருஷனுக்கே தெரியாத வாக்கு என்றால் ரகசியம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்றார். அந்த அளவில் செங்கால்குளத்துக்கு இருபதுக்கு இருபது. மொத்தத்தில் நூற்றுக்கு எண்பத்து நாலு. ஐரோப்பாவில் சில நாடுகளுக்கே அவ்வளவு கிடையாது.

உன் வண்டிக் கேள்வியையும் அவரிடம் கேட்டேன். வண்டி யாருடையது என்று கேட்கத் தாளில் இடமில்லை என்று சிரித்தார். உன் ஆறாவது அளவை மிகவும் ரசித்தார், ஆனால் எண்ணால் அளக்க முடியாததை வைத்துக்கொள்ள முடியாதாம்.

வீட்டு எண்களைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். எல்லாவற்றையும் கலைத்துப் புது எண் கொடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். உன் தாள்களையும் எரித்துவிடுகிறேன். இது என் வாக்கு. உனக்கு நான் கொடுத்த வாக்கை என்றைக்காவது மீறியிருக்கிறேனா? நிம்மதியாகத் தூங்கு.

உன்
வல்லி

•

மேலகரம்
30-7-1962

அன்புள்ள வல்லி,

நீ பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். கப்பலில் ஏறுமுன் இது கிடைத்துவிடும் என்று பம்பாய் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

சாரல் நன்றாக இருந்த நேரத்தில் வந்திருந்தாய். பத்து நாள் குற்றாலத்தில் மாமாவின் பங்களாவில் தங்கியிருந்தாய். பேச நினைத்தது நிறைய இருந்தது, ஆனால் உன்னைச் சுற்றி எந்நேரமும் ஆள். மாமாவின் இளைய மகள் முத்துவடிவுக்கும் உனக்கும் நிச்சயம் ஆகியிருப்பதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். முறைப்பெண், நல்ல பெண். தாம்பூலத் தட்டு மாற்றும்போது என்னையும் கூப்பிட்டிருக்கலாம் என்று நினைத்தேன். சரி, சொந்தக்காரர்களுக்கே இடம் போதவில்லை என்றார்கள்.

பங்களா வாசலில் மாமாவின் மூத்த மருமகன், வக்கீல் பால்வண்ணநாதனிடம் என்னை அறிமுகப்படுத்தினாயே, "நம்ம பேச்சிமுத்து, மலேரியாவில் இருக்கான்" என்று. உன் சிநேகிதன் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை, சும்மா எழுதுகிறேன். ஐந்தருவிப் பாதையில் ஐந்து நிமிஷம் தனியாகக் கிடைத்தாய். அப்போதும் எண்களை மாற்றிவிட்டாயா என்றுதான் கேட்டேன். "அதெல்லாம் ஆயிற்று, ஆயிற்று" என்றாய். அது போதும். மாடத்தியைப் பார்க்கும்போதெல்லாம் அவளிடம் தைரியமாகச் சிரிக்க முடிகிறது.

கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பேச்சி

•

அமெரிக்கா
15-8-1963

என் அருமை பேச்சி,

புத்தகம் வந்துவிட்டது. இருநூறு பக்கம், நீல அட்டை. பட்டமும் கிடைத்துவிட்டது, இங்கேயே உதவிப் பேராசிரியர் வேலைக்கும் பேச்சு நடக்கிறது. கல்யாணத்தைத் தை கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று மாமா எழுதியிருக்கிறார்.

கப்பல் தபாலில் உனக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். முகவுரையின் முதல் பக்கத்தைப் பார். "மேலகரத்தைச் சேர்ந்த மலேரியா ஊழியர் பேச்சிமுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் சென்று கேட்டுத் தந்திராவிட்டால் இந்த நூல் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். உன் பெயர் அமெரிக்காவில் அச்சாகியிருக்கிறது. குற்றாலத்தில் உன் மனம் கொஞ்சம் நொந்தது என்று உன் கடிதத்தில் தெரிந்தது. இதனால் அது ஆறட்டும்.

மாமாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர் ஊரைப் பற்றிய புத்தகம், அவருக்கு அனுப்பாமல் இருப்பது மரியாதை இல்லை.

உன்
வல்லி

•

மேலகரம்
10-11-1963

வல்லிநாயகத்துக்கு,

புத்தகம் வந்தது. என் பிரதி வருவதற்கு ஒரு வாரம் முன்பே உன் மாமாவின் பிரதி வந்துவிட்டது.

அவருக்கு ஆங்கிலம் வராது. வக்கீல் மருமகனைத் தென்காசியிலிருந்து வரவழைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வக்கீல் முன்பக்கத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசியில் இருந்த அட்டவணைக்குப் போயிருக்கிறார். வீட்டு எண், வாக்காளர் எத்தனை பேர், யாருக்கு வாக்கு. என் எண்கள். ஒன்றுகூட மாறவில்லை. நான் தாரில் எழுதிய அதே எண்கள், அதே வரிசையில்.

இரண்டு பேரும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கீழத்தெருவில் பட்டப்பகலில் நடந்தார்கள். சுவரைப் பார்ப்பது, பக்கத்தைப் பார்ப்பது, பென்சிலால் கோடு போடுவது. யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அய்யாக்குட்டிக்கு ஒரு ஓட்டாவது போட்ட வீடுகள் இருபத்திரண்டு. மாடத்தி வாசலில் உன் மாமா நின்று, "முப்பத்தேழு இதானே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். மறுநாள் பிசானப் பருவத்து நெல் நடவுக்கு அந்த இருபத்திரண்டு வீட்டு ஆட்களையும் கூப்பிடவில்லை. தெருவில் தென்னம்பிள்ளை வைக்கப்போவதாகவும், தை பிறப்பதற்குள் அந்த வீடுகள் காலியாக வேண்டும் என்றும் கங்காணி வந்து சொன்னான். மாடத்தியின் புருஷன் அவளை அடித்த அடியில் அவள் கை வீங்கிக் கிடக்கிறது.

உன் முகவுரை புண்ணியத்தில் யார் சொன்னது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. எல்லார் பெயரையும் மறைக்கச் சொன்னேன், என் பெயரை மட்டும் போட்டிருக்கிறாய். நான் தெருவுக்குள் போனால் கதவைச் சாத்துகிறார்கள். மாடத்தி மட்டும் சாத்தவில்லை. என்னை ஏசவும் இல்லை. "நான் எம் புருசங்கிட்ட சொல்லாதத ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க ஏன் அண்ணாச்சி கேட்டிய?" என்றாள். இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று இப்போது கேட்க எனக்கு நேரமில்லை. ஒரே ஒரு காரியம் செய். உன் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. 'அட்டவணையில் உள்ள எண்கள் கலைத்துப் போட்டவை, அவற்றுக்கும் சுவரில் உள்ள எண்களுக்கும் சம்பந்தமில்லை' என்று இரண்டு வரி. மாற்றிவிட்டதாக என்னிடம் சொன்னாயே, அதையே அவரிடமும் சொல். நீ எழுதினால் நம்புவார், மருமகன் ஆகப்போகிறவன். தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இருபத்திரண்டு குடும்பம், வல்லி. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பேச்சி

•

அமெரிக்கா
2-12-1963

அன்புள்ள பேச்சி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மாமா இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எண்களை நான் மறக்கவில்லை. மாற்றத்தான் உட்கார்ந்தேன். பேராசிரியர் ஹார்லன் கூடாதென்றார். நாளைக்கு வேறொரு ஆராய்ச்சியாளர் அந்த ஊருக்குப் போய், அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டுச் சரிபார்க்க முடியவேண்டும், அப்படி முடியாத ஆராய்ச்சிக்கு மதிப்பில்லை என்றார். யோசித்துப் பார்த்தேன், செங்கால்குளத்தில் யார் ஆங்கிலப் புத்தகம் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். குற்றாலத்தில் உன்னிடம் ஆயிற்று என்று சொன்னது உன் மன நிம்மதிக்காகத்தான்.

நீ கேட்கும் கடிதத்தை நான் எப்படி எழுதுவேன்? யோசித்துப் பார். அட்டவணை உண்மையானது. அது பொய் என்று என் கையெழுத்தில் ஒரு கடிதம் இருந்தால், நாளைக்கு வக்கீல் அத்தான் அதை யாரிடமாவது காட்டினால், என் பட்டம் என்ன ஆகும்? இந்த வேலைக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், ஆராய்ச்சியில் பொய் எழுதக்கூடாது என்பதுதான் நாங்கள் இங்கே முதலில் படிக்கிற பாடம். தெரிந்தே பொய் எழுத என் மனம் இடம் கொடுக்கவில்லை. நீயும் நேர்மையானவன், உனக்குப் புரியும்.

அந்த ஏழைகளிடம் கொஞ்சம் தயவு காட்டும்படி மாமாவுக்குப் பொதுவாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் அதற்கு மேல் எழுதுவது அழகில்லை.

இன்னொரு விஷயம், இப்போது சொல்லலாமா என்று தெரியவில்லை. வருகிற பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்ததும் அதே வீடுகளில் இரண்டாவது தடவை அளக்கப் பேராசிரியர் ஏற்பாடு செய்கிறார். உன்னைத் தவிர வேறு யாரையும் என்னால் நினைக்க முடியவில்லை.

என்றும் உன்
வல்லி

•

மேலகரம்
19-1-1964

டாக்டர் வல்லிநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மார்கழி மாதத்தில் வந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு கடையில் இருந்து ஒரு முழுத்தாள் வாங்கி வந்து, நீங்கள் எழுத மறுத்த பொய்யை நானே எழுதினேன்.

அதில் இருப்பது இவ்வளவுதான். செங்கால்குளம் கீழத்தெருவில் நான் எந்த வீட்டுக்கும் கேள்வித்தாளோடு போகவில்லை. குளத்தங்கரை மருதமரத்தடியில் உட்கார்ந்து அறுபத்தொரு தாளையும் மனம் போனபடி நானே நிரப்பி அனுப்பினேன். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் இருக்கும் படித்தவர்களை ஏமாற்றியதற்கு வருந்துகிறேன். கீழே கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சி.

அதை உங்கள் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வக்கீல் வாசித்துக் காட்டினார். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். "ஏலே, ஒரு மரத்தடியில இருந்துக்கிட்டு அமெரிக்காக்காரனையும் எம் மருமவனையும் முட்டாளாக்கிட்டியே" என்றார். அதன் பிறகு சிரித்தார். உங்கள்மேல் அவருக்கு அதுவரை கொஞ்சம் மரியாதை இருந்தது. மாசி அறுப்புக்கு ஆள் வேண்டும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. மறுநாளே கங்காணி போய், யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டான்.

இருபத்தொரு வீடு தப்பித்தது. முப்பத்தேழு தப்பிக்கவில்லை. நான் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் அதைத்தான் முதலில் பிரித்துப்போட்டார்கள். அங்கே இப்போது நாலு தென்னம்பிள்ளை நிற்கிறது. மாடத்தி புளியரைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் சுமக்கிறாள். புருஷன் அவளை விட்டுவிட்டுப் பண்ணையிலேயே இருந்துகொண்டான்.

சைக்கிளில் போய் அவளைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன், எல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி நீ வரலாம் என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லது அண்ணாச்சி. மத்தவுகளாவது இருக்கட்டும். நான் இனி அங்கன வரல" என்றாள். கிளம்பும்போது கூப்பிட்டாள். "பொய்னு எழுதிட்டிய, சரி. ஆனா நான் போட்டது நெசந்தான அண்ணாச்சி?" என்று கேட்டாள். நெசந்தான் என்றேன். அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தடியில் உட்கார்ந்து தாள் நிரப்புகிறவன் காய்ச்சல் கணக்கையும் அப்படித்தான் எழுதியிருப்பான் என்று யாரோ என் மேலதிகாரிக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். விளக்கம் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. வேலை நிற்குமா என்று தெரியவில்லை. கீழத்தெருவில் பாதிப் பேர் என்னைப் பித்தலாட்டக்காரன் என்கிறார்கள், மீதிப் பேருக்கு நான் ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியும். அவர்களும் வெளியே சொல்ல முடியாது.

நேர்மையானவன், உனக்குப் புரியும் என்று எழுதியிருந்தீர்கள். புரிந்தது. என்னிடம் நிம்மதிக்காக ஒரு பொய் சொல்ல உங்கள் மனம் இடம் கொடுத்தது. இருபத்திரண்டு குடும்பத்துக்காக ஒரு பொய் சொல்ல அது இடம் கொடுக்கவில்லை. பதினைந்து வருஷம் உங்களை என் சிநேகிதன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாக்குமூலத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி உங்கள் பேராசிரியர் ஹார்லனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். சரிபார்க்க முடியாத ஆராய்ச்சிக்கு மதிப்பில்லை என்று சொன்னவர் அவர்தானே. அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். நான் எழுதியது பொய் என்று நீங்கள் நிரூபித்துவிடலாம், என் பழைய கடிதங்களே போதும். அவற்றை எடுத்துக் காட்டினால் உங்கள் பட்டம் பிழைக்கும், செய்தி மாமா காதுக்கு வந்தால் அந்த இருபத்தொரு வீடும் பிழைக்காது.

அய்யாக்குட்டிக்குப் போட்டவர்கள் யார் யார் என்று இன்றைக்கு உங்கள் மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் சொல்ல மாட்டேன். உங்களைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

இப்படிக்கு
பேச்சிமுத்து